இரண்டாவதாக வந்த மெஷின்

மேற்குத் தாம்பரம்,
2-7-1971

அன்புள்ள சரோஜினிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். மாப்பிள்ளை தயாளன் மறைந்து நான்கு மாதம் ஆகிறது. இதுவரை ஒரே ஒரு தடவைதான் அங்கே வந்து போயிருக்கிறேன். பள்ளிக்கூடம் விடுவதில்லை. இது சாக்கு என்று நீ நினைத்தால் மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கொழுந்தன் வீட்டு அடுப்படியிலேயே உன் மீதிக் காலம் போய்விடும் போலிருக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். நேற்று தாம்பரம் ஸ்டேஷனில் உன் பேருக்கு ஒரு தையல் மெஷின் பார்சல் போட்டேன். புதுசு, கால்மிதி மெஷின். ரசீது இத்துடன் இருக்கிறது. நாசரேத் ஸ்டேஷனில் காட்டி எடுத்துக்கொள்.

மே மாதம் எனக்கென்று பல்லாவரத்தில் ஒன்று வாங்கினேன் அல்லவா, அதே கடை, அதே மாடல். உனக்கும் ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது, போன வாரம் வாங்கினேன். விலை கேட்காதே. கேட்டால் எனக்குக் கோபம் வரும். யாராவது விசாரித்தால் அக்கா அனுப்பினாள் என்று சொல், அதற்கு மேல் பேச்சு வேண்டாம்.

உன் அக்கா,
ரத்தினபாய்

*

நாசரேத்,
21-7-1971

அன்புள்ள அக்காவுக்கு,

மெஷின் வந்து சேர்ந்தது. மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்தோம், தெருவே வந்து பார்த்தது. சின்னவள் பெட்டியின் வைக்கோலை எல்லாம் வாரி எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஆடினாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா?

கொழுந்தன் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். “டீச்சர் சம்பளத்தில் ரெண்டு மெஷினா?” என்று கேட்டார். “எங்க அக்காவுக்குக் கல்யாணமா காட்சியா, சேர்த்து வைத்திருப்பாள்” என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது உன்னைக் குத்துகிற மாதிரி இருக்கிறதே என்று பட்டது. மன்னித்துக்கொள்.

பக்கத்து வீட்டுக்கு ரெண்டு பாவாடை தைத்துக் கொடுத்துவிட்டேன். கோணல் மாணல்தான், ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தது நீ. இப்போது மறுபடியும் ஒரு தடவை வளர்க்கிறாய். விலை கேட்கவில்லை, பார்.

உன் தங்கை,
சரோஜினி

*

நாசரேத்,
12-2-1972

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஏன் இப்போதெல்லாம் நாலு வரியோடு முடித்துவிடுகிறாய்? கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று பிள்ளைகள் வழி பார்த்திருந்தார்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

இங்கே நல்ல செய்தி. பெண்கள் போர்டிங் ஸ்கூலில் அறுபது செட் யூனிபாரம் எனக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் முதல் வாரம் கொடுத்தாக வேண்டும். இது ஒழுங்காக முடிந்தால் வருஷா வருஷம் எனக்குத்தான். கொழுந்தன் இப்போது என்னிடம் பேசுகிற குரலே வேறு.

ஆனால் மெஷின் படுத்துகிறது. ஷட்டில் கடகடவென்று சத்தம் போட்டு நூலை அறுத்துவிடுகிறது. பாளையங்கோட்டையில் கம்பெனி ஏஜென்ட் இருக்கிறாராம். ஒரு வருஷம் கேரண்டி, காசில்லாமல் மாற்றித் தருவார்கள், அது வாங்கினவர்களுக்கு உள்ள உரிமை, பில்லை மட்டும் கொண்டு வாருங்கள் என்கிறாராம். பெட்டிக்குள் பில் இல்லை. உன்னிடம்தான் இருக்கும். உடனே அனுப்பு.

சரோஜினி

*

மேற்குத் தாம்பரம்,
20-2-1972

அன்புள்ள சரோஜினிக்கு,

பில் இத்துடன் வைத்திருக்கிறேன். ஷட்டில் ஒரு சின்ன சாமான். அதற்காகப் பாளையங்கோட்டை வரை தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? நாசரேத்திலேயே மெக்கானிக் இருப்பான், செலவை நான் அனுப்புகிறேன். முடிந்தால் அப்படியே செய்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஸ்கூலில் இன்ஸ்பெக்ஷன், சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஆண்டு விழா. செக்ரட்டரி என்று பேர் வைத்துவிட்டு எல்லா வேலையையும் என் தலையில் கட்டுகிறார்கள்.

ரத்தினபாய்

*

நாசரேத்,
8-3-1972

அக்கா,

செலவு அனுப்புகிறேன் என்றாய். உன்னிடம் இன்னும் வாங்க எனக்கு மனசு வரவில்லை, பாளையங்கோட்டைக்கே போனேன். மெஷின் தலையைக் கழற்றிச் சாக்கில் கட்டி, பஸ் மேலே ஏற்றி, வெயிலில் ஒரு மைல் நடந்து.

ஏஜென்ட் பில்லைப் பார்த்தார். மெஷின் அடியில் இருக்கிற நம்பரைப் பார்த்தார். மறுபடியும் பில்லைப் பார்த்தார்.

“அம்மா, இந்த பில் இந்த மெஷினுக்கு இல்லை. நம்பர் வேறே. இது யார் மெஷின்?”

“எங்க அக்கா வாங்கித் தந்தது.”

“அப்ப அதோட பில்லைக் கொண்டு வாங்க. பில் இல்லாத மெஷினை நாங்க தொடுறதில்லை. முன்னாடி ஒரு தடவை போலீஸ் வரைக்கும் போயிருக்கு.”

அங்கே நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சாக்கைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். பஸ்ஸில் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நீ மாற்றி வைத்து அனுப்பியிருப்பாய். என் மெஷினுடைய பில்லைத் தேடி அனுப்பு. பில்லில் தேதி மே மாதம் 3 என்று இருக்கிறது. அது உன்னுடையதுதானே?

சரோஜினி

*

நாசரேத்,
26-3-1972

அக்கா,

பதினெட்டு நாளாயிற்று. பதில் இல்லை. பில் தொலைந்துவிட்டது என்றால் தொலைந்துவிட்டது என்று எழுது. வேறே ஏதாவது என்றால் அதை எழுது.

சரோஜினி

*

மேற்குத் தாம்பரம்,
3-4-1972

சரோஜினி,

நேற்று ஈஸ்டர். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனபோது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். தலைசுற்றல் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அங்கேயும் ஒரு பொய். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்துப் போட்டாயிற்று.

உன் மெஷினுக்கு பில் கிடையாது. அதை நான் வாங்கவில்லை.

போன வருஷம் பல்லாவரம் ஜெயவேலு ஸ்டோர்ஸில் ஒரு மெஷினுக்குப் பணம் கட்டினேன். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார்கள். ஒரு வாரமாகியும் வரவில்லை. ஞாபகப்படுத்தி ஒரு கடிதம் போட்டேன். மறுநாளே மெஷின் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு என் கடிதத்தைக் கடையில் யாரோ புது ஆர்டர் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு சீட்டு எழுதியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் தேதி இரண்டாவது மெஷின் வந்தது.

கொண்டு வந்தவன் பொன்னுரங்கம். கீழ்க்கட்டளைக்காரன், கடையில் சாமான் கொண்டு போய்ப் போடுகிறவன். எனக்கு ஏற்கனவே வந்துவிட்டதே என்றேன்.

“எனக்கு இன்னாமா தெரியும்? சீட்டுல உன் பேரு கீது. இன்னும் பீர்க்கன்கரணைக்கு வேற ஒரு பீரோ போவணும். எறக்கி வெச்சிட்டுப் போறேன், ஒரு கையெழுத்து போடு.”

நான் ஆர்டர் செய்யாத சாமானுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன், ஆபீசில் சொல்லி வந்து எடுத்துப் போகச் சொல் என்று கண்டிப்பாகச் சொன்னேன். “சரிம்மா, டீச்சர் வூடுதானே, கையெழுத்து இல்லாட்டி இன்னா” என்று ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு நான் செய்தது சரி. அதோடு சரியானது எல்லாம் முடிந்தது.

யாரும் வரவில்லை. எங்கள் ஸ்கூலில் வேதசிரோமணி சார் மாலை நேரத்தில் சட்டம் படிக்கிறவர். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும், யாருக்கோ நடந்தது போல அவரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: கேட்காத சாமானை அனுப்பிவிட்டு அதற்கு விலை கொடு என்று கடைக்காரன் வற்புறுத்த முடியாது. ஆனால் தவறுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது, எழுபத்திரண்டாவது பிரிவு. தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கார்டு போட்டால் போதும்.

முதல் பாதியை நான் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது பாதியும் காதில் விழுந்தது. கார்டும் எழுதினேன். எழுதி, ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் சுற்றினேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது, அடுப்படியைப் பற்றி. கார்டைக் கிழித்தேன். பார்சல் போட்டேன். உனக்காகச் செய்தேன் என்று சொல்லவில்லை. அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இதோடு போயிருந்தால்கூட ஒரு நாள் சரிசெய்திருப்பேன். ஆகஸ்டில் கடையில் ஸ்டாக் எடுத்திருக்கிறார்கள், ஒரு மெஷின் குறைந்திருக்கிறது. ஒரு காலை நான் ஸ்கூலுக்குப் புறப்படும் நேரம் முதலாளி ஜெயவேலு பொன்னுரங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கம் எல்லாம் வாசலில்.

“டீச்சரம்மா தப்பா நினைக்கக் கூடாது. உங்க வீட்டுல ரெண்டாவதா ஒரு மெஷின் எறக்கினதா இவன் சொல்றான்.”

“நான் வாங்கினது ஒரு மெஷின்தான். அது உள்ளே இருக்கிறது. வந்து பாருங்கள்” என்றேன். பார்த்தாயா, இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

பொன்னுரங்கம் ஜன்னலைக் காட்டினான். “இன்னாமா இப்படி சொல்ற? இங்கதானே வெச்சேன். கையெழுத்து போட மாட்டேன்னு நீதானேம்மா சொன்ன?”

நான் அவனைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்து, “இரண்டாவது ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தால் காட்டச் சொல்லுங்கள்” என்றேன்.

சரோஜினி, இதை நான் சொன்னேன். என் வாயால்.

“போதும்மா. உங்க வார்த்தை போதும்” என்றார் ஜெயவேலு. அவனைத் தெருவில் எல்லாரும் பார்க்கக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அக்டோபரில் ஊசி வாங்கக் கடைக்குப் போனேன், வேறு ஆள் இருந்தான். “அந்தத் திருடனை அன்னிக்கே அனுப்பிட்டேன்” என்றார் முதலாளி. நான் ஊசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

உன் யூனிபாரம் வேலைக்கு வேண்டிய செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். மெஷினை அங்கேயே ரிப்பேர் செய்துகொள். என்னைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்பதுதான்

இந்த வரியை முடிக்கத் தெரியவில்லை.

ரத்தினபாய்

*

நாசரேத்,
12-4-1972

அக்கா,

நீ எழுதியதை நாலு தடவை வாசித்தேன். மெஷினைத் துணி போட்டு மூடிக் கயிற்றால் கட்டிவிட்டேன். இன்றைக்கு ஐந்தாவது நாளாகக் கையால் தைக்கிறேன். ஒரு செட்டுக்கு ஒன்றரை நாள் ஆகிறது. அறுபது செட். நீயே கணக்கு டீச்சர், போட்டுப் பார்.

உன்னைத் திட்டி ரெண்டு பக்கம் எழுதினேன். அப்புறம் கிழித்தேன். ஏன் தெரியுமா? பெட்டியைத் திறந்த அன்றே அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். மே 19 என்று தேதி. போன வாரம் வாங்கினேன் என்று நீ ஜூலையில் எழுதியிருந்தாய். உள்ளே பில் இல்லை. விலை கேட்காதே என்கிறாய். நீ எட்டணாவுக்கு வெண்டைக்காய் வாங்கினாலும் விலை எழுதுகிறவள். எனக்கு அன்றைக்கே உறுத்தியது. சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். கேட்டால் மெஷின் போய்விடும் என்று பயம். அதனால் நீ மட்டும் செய்ததாக எழுதாதே. எனக்கும் அதில் பங்கு இருக்கிறது.

ஆனால் ஒரு மனிதன் தெருவில் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டது எனக்குத் தெரியாது. அது தெரிந்து நீ ஏழு மாதம் சாப்பிட்டுத் தூங்கி, சங்கத்தில் ஜெபம் சொல்லி, எனக்கு நாலு வரிக் கடிதம் எழுதியிருக்கிறாய். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? நான் நாசரேத்தில் இருக்கிறேன். பல்லாவரம் உனக்கு ரெண்டு ஸ்டேஷனோ மூணு ஸ்டேஷனோ. கீழ்க்கட்டளைக்குப் பஸ் இருக்கும்.

நீ போய்ச் சொல்லுகிற வரைக்கும் மெஷின் கட்டியபடி கிடக்கும். யூனிபாரம் ஆர்டர் போனால் போகட்டும். திரும்ப அடுப்படி என்றால் அடுப்படி. எனக்கு இனிமேல் செலவுக்கு ஒன்றும் அனுப்பாதே.

சரோஜினி

*

மேற்குத் தாம்பரம்,
13-5-1972

அன்புள்ள சரோஜினிக்கு,

நேற்றுதான் போனேன். பரீட்சை, பேப்பர் திருத்துவது என்று ஏப்ரலைக் கடத்தினேன். லீவு விட்ட பிறகு கடத்துவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

உன்னுடையதற்கு ஈடாக என்னுடைய மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு காலையில் ஜெயவேலு ஸ்டோர்ஸுக்குப் போனேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு, கதவைப் பாதி சாத்திக் கொண்டார். நான் எதிர்பார்த்த மாதிரி கத்தவில்லை. மெஷினைத் திருப்பிப் பார்த்தார். ஒரு வருஷம் ஓடினதற்கு இவ்வளவு என்றார், கொடுத்தேன். ஸ்டாக் புத்தகத்தில் பார்த்து உன் மெஷினின் நம்பரைப் போட்டு என் பேருக்கு பில் எழுதி முத்திரை வைத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன், பார். இனி அது நாம் பணம் கொடுத்து வாங்கிய மெஷின். கட்டை அவிழ்த்துவிடு. பாளையங்கோட்டைக்குத் தைரியமாகப் போ. கேரண்டி மெஷின் இறங்கிய தேதியிலிருந்து ஒரு வருஷம்தான், பத்தொன்பதாம் தேதியோடு முடிகிறது.

“பொன்னுரங்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டேன்.

“எப்படிம்மா எடுக்கிறது? நாலு பேருக்கு முன்னாடி திருடன்னு சொல்லிட்டேன். இப்ப எந்த முகத்தோட கூப்பிடுவேன்? நடந்தது நடந்துபோச்சு. நீங்களும் வெளிய சொல்லாதீங்க. உங்களுக்கும் நல்லதில்லை, கடைக்கும் நல்லதில்லை.”

அவர் பயந்திருந்தார். நான் ஏழு மாதம் பயந்தது போலவே. நான் எழுந்து கீழ்க்கட்டளைக்குப் பஸ் ஏறினேன்.

வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. “அந்த மெஷின் பொன்னுரங்கமா?” என்று கேட்டுவிட்டு வழி காட்டினார்கள். அதுதான் அவனுக்கு அங்கே பேர். இப்போது பல்லாவரத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. வெள்ளிக்கிழமை லீவு, வீட்டில் இருந்தான். கை இரண்டும் சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். எழுந்து நின்றான், சரோஜினி.

நான் சொன்னேன். நின்றபடியே சொன்னேன்.

“அன்னிக்கே உன் மூஞ்சப் பாத்துத் தெரிஞ்சுகினேன்மா” என்றான். “நானும் ஆபீஸ்ல சொல்ல மறந்துட்டேன். பீரோ எறக்கறச்ச கால்ல அடி. அப்டியே மறந்து பூட்டேன். அது என் தப்பு. மொதலாளி என்னை நம்பலன்னா போவட்டும், அவரு மொதலாளி. ஆனா எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? எனக்குத் தெரியும் நான் எடுக்கலன்னு. உள்ள கீறா பாரு, அவகிட்ட சொல்லு. டீச்சரம்மா பொய் சொல்லுவாங்களா, நீதான் வித்துக் குடிச்சுட்டேன்னு சொல்லிட்டா. அன்னிலேர்ந்து எங்கிட்ட பேச்சு இல்ல. சோறு போடுவா. அவ்ளோதான்.”

அவன் மனைவி அஞ்சம்மாள் உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கடையில் சொன்னதைவிட, அவனிடம் சொன்னதைவிட, அவளிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. யாரோ ஒரு டீச்சருடைய வார்த்தையைத் தன் புருஷனுடைய வார்த்தைக்கு மேலே வைத்தவள் அவள். அந்த வார்த்தை என்னுடையது. உன் புருஷன் திருடவில்லை, நான்தான் மெஷினை வைத்துக்கொண்டேன், கேட்டபோது இல்லை என்ற மாதிரி பேசினேன் என்றேன். தெருவிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.

அவள் என்னைத் திட்டுவாள், ஒருவேளை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து அவன் எதிரில் நின்றாள்.

“ஏன்யா, நீ சொல்லவே இல்லியே?”

“சொன்னேனே. மொத நாளே சொன்னேன்.”

“ஒரு தபாதான் சொன்ன.”

“அதுக்கப்புறம் யாரு கேட்டா?”

அவள் அங்கேயே, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி அவனும் உட்கார்ந்தான். நான் எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் அவள்தான், தலையைத் தூக்காமலே, “நீ போம்மா. பஸ்ஸு பூடும்” என்றாள்.

மன்னிப்புக் கேட்டேனா என்று நீ கேட்பாய். கேட்கவில்லை. வாய் வரை வந்தது. கேட்டால் அவர்கள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பாரத்தையும் அவர்கள் மேல் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அவனுக்கு வேலை தேட வேண்டும். எங்கள் ஸ்கூலில் பியூன் இடம் ஒன்று காலியாகப் போகிறது. ஹெட்மிஸ்ட்ரஸிடம் காரணத்தையும் சேர்த்துச் சொல்லித்தான் கேட்கப் போகிறேன். சங்கத்து வேலையிலிருந்து விலகி எழுதிக் கொடுத்தாயிற்று. நீ அதற்குப் பெருமைப்பட வேண்டாம், என்னால் அங்கே உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

திரும்பும்போது சந்தைக் கூட்டம், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. காய்கறிக் கூடையோடு இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டுச் சடாரென்று எழுந்தாள். அவள் பெண் எங்கள் ஸ்கூலில் படிக்கிறாளாம். “நீங்க உக்காருங்க டீச்சர்” என்றாள்.

நான் உட்காரவில்லை. அவள் இரண்டு தடவை சொன்னாள். வேறு யாரையும் அவள் அதில் உட்கார விடவில்லை, தாம்பரம் வரை அந்த இடம் காலியாகவே வந்தது. அவளும் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை.

உன் அக்கா,
ரத்தினபாய்